கர்டர் நின்ற வாரம்: கூடலூர்ப் பயணக் குறிப்புகள்

மார்ச் 10, திங்கள்: மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி

துவாக்குடியில் நான் வேலை பார்க்கும் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் இருந்து போன வருடக் கடைசியில் சில கர்டர்கள், அதாவது பாலத்தைத் தாங்கும் நீளமான இரும்பு உத்தரங்கள், நீலகிரிக்குப் போயின. கூடலூர் தாண்டி, ஒரு ஆற்றின் மேல் கட்டுகிற நெடுஞ்சாலைப் பாலத்துக்கு. வெல்டிங் சோதனையும் அளவு சரிபார்ப்பும் என் பொறுப்பு. அந்த சைட்டில் இன்ஜினியராக இருப்பவன் என் அக்கா மகன். "மாமா, நீங்க பாஸ் பண்ணின கர்டர் ஆத்தைத் தாண்டுறதை வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன். எந்தப் பாலம், எந்த ஆறு என்று எழுதப்போவதில்லை. அங்கே வேலை செய்கிற யாருக்கும் இதனால் தொந்தரவு வரக் கூடாது.

மேட்டுப்பாளையத்தில் பவானி மெலிந்து ஓடியது. கல்லாறு பாக்குத் தோப்புகளைத் தாண்டியதும் பஸ்ஸுக்குள் காற்று மாறியது. பர்லியார் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் தேடி இரண்டு பெண்கள் ஏறினார்கள். நீலகிரிக்குள் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டில்களுக்கு அனுமதி இல்லை. என் முன் சீட்டில் பேரனோடு வந்த அம்மா, பாட்டிலில் பிள்ளைக்கு வெந்நீர் இருக்கிறது என்று தயங்கினார். யாரும் அதட்டவில்லை. கண்டக்டர் தன் எவர்சில்வர் பாட்டிலைக் காலி செய்து, வெந்நீரை அதில் ஊற்றிக் கொடுத்து, "குன்னூர்ல இறங்கறப்ப குடுங்கம்மா, போதும்" என்றார்.

மலை ரயில் பாதை சில வளைவுகளில் ரோட்டுக்குப் பக்கத்தில் வந்து வந்து போகிறது. அந்தப் பாதையில் 250 பாலங்கள். குன்னூருக்கு 1899-ல் ரயில் வந்தது, ஊட்டிக்கு 1908-ல். பாறை இடுக்குகளில் கர்டர் பாலங்கள் தெரியும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: இதை எப்படித் தூக்கி வைத்தார்கள்? பாலத்தைப் பார்க்கிறவர்கள் அது நிற்பதைப் பார்க்கிறார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு, அது நிற்பதற்கு முந்தின நாட்கள்தான் கண்ணில் வரும்.

ஊட்டியில் நல்ல குளிர். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரியில் கால் கிலோ வர்க்கி எழுபது ரூபாய், சூடான டீ பதினைந்து. வர்க்கியை டீயில் முக்கி எடுக்கும் நேரம் முக்கியம். ஒரு விநாடி கூடினால் பாதி கிளாஸின் அடிக்குப் போய்விடும். கடைக்காரர் கேட்காமலே ஒரு ஸ்பூன் கொடுத்தார்.

மார்ச் 11, செவ்வாய்: பைக்காரா, நடுவட்டம், கூடலூர்

காலையில் புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி. பஸ் கண்ணாடியை மூடவே முடியவில்லை. துருவேறிய சட்டம் பாதியில் நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த படுகர் பெரியவர் தன் வெள்ளைச் சீலையின் ஒரு முனையை என் பக்கமாக இழுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தூங்கிவிட்டார்.

நடுவட்டம் தாண்டி இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதாயிற்று. தேயிலை முடியும் இடத்தில் சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி, அப்புறம் காப்பி. கூடலூரில் பாதிக் கடைப் பலகைகள் மலையாளத்தில். புட்டும் கடலைக்கறியும் ஐம்பது ரூபாய், கட்டன் சாயா பத்து. புட்டு ஆவி பறக்க வந்தது, கடலையில் தேங்காய் வறுத்து அரைத்திருந்தார்கள். ரெண்டாவது தடவை கறி ஊற்றியதற்குக் காசு வாங்கவில்லை.

சைட்டுக்கு ஜீப்பில் போனேன். எங்கள் கர்டர்கள் இங்கே வந்து சேர்ந்ததே ஒரு கதை. ஒரு கர்டரின் முழு நீளம் 42 மீட்டர், உயரம் 2 மீட்டர், எடை ஏறக்குறைய 25 டன். குன்னூர் கொண்டை ஊசி வளைவுகளில் அதைத் திருப்பவே முடியாது. அதனால் நாலு துண்டாகச் செய்து, மைசூர், குண்டல்பேட்டை வழியாக அனுப்பினோம். பந்திப்பூர் காட்டுப் பாதை ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடியிருக்கும். லாரிக்காரர்கள் குண்டல்பேட்டையிலேயே படுத்துக் கிடந்து விடியற்காலையில் கிளம்பியிருக்கிறார்கள். சைட்டில் துண்டுகளைச் சேர்த்து ஹை டென்சில் போல்ட் போட்டு முறுக்கியாயிற்று. இரண்டு கர்டர்களைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்து ஒரு ஜோடியாக்கி, கரையில் ரோலர் மேல் வைத்திருந்தார்கள். துண்டுகளை இணைக்கும் ஸ்பிளைஸ் தட்டின் மேல் நான் சாக்கில் எழுதிய எண் இன்னும் அழியாமல் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குமேல் யாரும் கேம்ப்பை விட்டு வெளியே போகக் கூடாது. யானை. போன வாரம் சிமென்ட் கொட்டகைத் தகரத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறது.

மார்ச் 12, புதன்: தள்ளத் தொடங்கினார்கள்

இந்த இடத்துக்குப் பெரிய கிரேன் வராது. அதனால் லாஞ்சிங். கர்டர் ஜோடியின் முன்னால் எடை குறைந்த ஒரு மூக்கை மாட்டி, ரோலர் மேல் வைத்து, வடத்தைச் சுற்றி இழுக்கும் விஞ்ச் எந்திரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்க்கரைக்கு இழுப்பது. இடையில் தாங்குவதற்கு ஆற்றோரத்தில் இரும்புக் கால்கள் நட்டு ஒரு தற்காலிக டிரெஸ்ஸில். பாலம் முடிந்ததும் அதைக் கழற்றி எடுத்துவிடுவார்கள்.

தள்ளும் வேலை ஒரு கலாசிக் குழுவின் கையில். கனமானவற்றை நகர்த்துவதையே தொழிலாகக் கொண்ட கேரளத்துக்காரர்கள். தலைவரை மூப்பன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். பேப்பூர்க்காரர், அறுபது வயதுக்குமேல் இருக்கும், கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு. பேப்பூரில் உரு என்கிற பெரிய மரக் கப்பல்களைக் கடலில் இறக்குகிற பரம்பரை. 1988-ல் கொல்லம் பெருமண் பாலத்தில் இருந்து ரயில் பெட்டிகள் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது, தண்ணீருக்குள் இருந்து பெட்டிகளை இழுத்து எடுத்தவர்கள் இந்த மாப்பிளா முஸ்லிம் கலாசிகள்தான். இந்தப் பக்கத்து ஆறுகள் மேற்கே இறங்கிச் சாலியாற்றில் கலந்து பேப்பூரில்தான் கடல் சேருகின்றன. "இந்த வெள்ளம் ஞங்கட வீட்டுக்குத்தான் வருது, சாரே" என்று ஆற்றுத் தண்ணீரைக் காட்டிச் சொன்னார்.

தனியாக நிற்கும் கர்டர் எவ்வளவு ஆபத்தானது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. பள்ளிக்கூட ஸ்கேலைக் குத்துவாட்டில் இரண்டு புத்தகங்களின் மேல் பாலம் மாதிரி வைத்து, மேலே விரலால் அழுத்திப் பாருங்கள். ஸ்கேல் கீழ்நோக்கி வளைவதற்கு முன்னால் பக்கவாட்டில் நெளிந்து சாய்ந்துவிடும். மேலே கான்கிரீட் தளம் வந்து இறுகிய பிறகு கர்டருக்கு அந்தப் பயம் இல்லை. அதுவரை அதைக் காப்பாற்றுவது குறுக்குச் சட்டங்களும் போல்ட்டுகளும்தான். லாரி ஓடும் பாலத்துக்கு ஆயிரம் பக்கம் கணக்குப் போடுகிறோம். லாரி ஓடாத அந்த நாலு மாதத்துக்கு எத்தனை பக்கம் போடுகிறோம்? கர்டர் விபத்துகளில் கணிசமானவை அந்த நாலு மாதத்தில்தான் நடந்திருக்கின்றன.

மதியத்துக்குள் பதினோரு மீட்டர் நகர்ந்தது. பக்கத்திலேயே பழைய ஒற்றை வழிப் பாலம். இழுக்கும் நேரங்களில் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். ஸ்கூல் வேன் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு இழுப்புக்கும் "ஏலேலோ" என்று கத்தினார்கள். கலாசிகள் பதிலுக்குத் தங்கள் பாட்டை உரக்கப் பாடினார்கள். சாப்பாடு கேம்ப்பிலேயே: சோறு, பருப்பு, மத்தி வறுவல்.

மூணு மணிக்குக் கறுத்துக்கொண்டு வந்து, எதிர்பாராத நல்ல மழை. காப்பித் தோட்டக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். இந்த மழை விழுந்தால்தான் செடி பூக்கும். பத்து நாளில் மலையெல்லாம் வெள்ளையாகிவிடும் என்று டீக்கடையில் ஒருவர் கைகூப்பிச் சொன்னார். வேலையை நிறுத்திவிட்டோம். டிரெஸ்ஸில் நிற்கும் இடம் செம்மண். ராத்திரி முழுக்கத் தகரத்தின் மேல் மழைச் சத்தம். எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மார்ச் 13, வியாழன்: நிறுத்தச் சொன்னவர்

காலையில் வானம் வெளுத்துவிட்டது. எட்டரைக்கு மறுபடி இழுக்கத் தொடங்கி ஒரு மீட்டர்கூடப் போயிருக்காது, மூப்பன் கையை உயர்த்தி விசில் ஊதினார். விஞ்ச் நின்றது.

டிரெஸ்ஸிலின் மேலே ஏறி, ரோலருக்கு நேர் மேலே கர்டரின் வெப் தட்டை, அதாவது நடுவில் செங்குத்தாக நிற்கும் தட்டை, பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பெயின்ட் தூள் கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது. என்னையும் மேலே கூப்பிட்டார். மடியில் இருந்து நூல் எடுத்தார். ஒரே அளவில் மூன்று வாஷர். இரண்டு வாஷர்களைத் தட்டின் மேலும் கீழும் வைத்து, அவற்றின் மேல் நூலை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். மூன்றாவது வாஷரை நூலுக்கும் தட்டுக்கும் நடுவில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. நூலே தட்டில் உரசியது. தட்டு வெளியே உப்பியிருக்கிறது. அளந்தால் எங்கள் கணக்கில் ரெண்டு நூல் வீக்கம் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), அதாவது ஆறு மில்லிமீட்டர். துவாக்குடியில் இருந்து கிளம்பியபோது அந்தத் தட்டு நேராக இருந்தது. என் ரிப்போர்ட்டில் அளவு இருக்கிறது.

அக்கா மகன் மட்டம் பார்க்கும் லெவல் கருவியை வைத்துப் பார்த்தான். ராத்திரி மழையில் டிரெஸ்ஸிலின் கீழ்ப்பக்கக் கால், அதாவது ஆறு இறங்கிப் போகும் பக்கத்துக் கால், 18 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்து ரோலரில் பாரம் குறைந்து, விட்ட பாரமெல்லாம் மேல்பக்கக் கர்டரின் மேல் ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து, ரோலர் இரண்டு ஸ்டிஃப்னர்களுக்கு (தட்டு நெளியாமல் இருக்க வெல்டு செய்யும் செங்குத்துப் பட்டைகள்) நடுவில், வெறும் தட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தது.

புராஜெக்ட் மேனேஜர் வந்தார். இறங்கின காலை அப்படியே பாரத்தோடு ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் தகடு சொருகிவிட்டு, இன்றைக்கே இழுத்து முடித்துவிடலாம் என்றார். அவர் அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்தால் இந்த மலையில் ஆற்றோரத்தில் எதையும் நிறுத்தி வைக்க முடியாது. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை.

மூப்பன் அசையவில்லை. "பாரத்தோட ஜாக்கி வெக்கண்டா, சாரே. ஆதியம் பின்னால இழுப்போம். ஸ்டிஃப்னர் ரோலர் மேல வரட்டும். பாரம் போகட்டும். பின்னே காலை நோக்காம்."

"அது ரெண்டு நாள் வேலைங்க."

"ரெண்டு நாள் போனா வரும், சாரே. அங்க எட்டுப் பேரு மேல நிக்கறாங்க."

மேல்பக்கக் கர்டரின் மேல் நின்றிருந்த பையன்களைக் கைகாட்டினார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா மகன் சென்னையில் டிசைனரைப் போனில் பிடித்தான். போட்டோவைப் பார்த்துவிட்டு அவரும் "இழுக்காதீங்க, முதல்ல பாரத்தை எடுங்க" என்று சொன்ன பிறகு மேனேஜர் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலுக்காக அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் இப்படி நடந்ததில்லை.

மெல்போர்னில் யாரா ஆற்றின் மேல் வெஸ்ட் கேட் பாலம் கட்டும்போது நடந்தது இதற்கு நேர் எதிர். இரும்புப் பெட்டிக் கர்டரை நீளவாக்கில் இரண்டு பாதியாகச் செய்து மேலே ஏற்றினார்கள். சேர்க்கப் போனால் ஒரு பாதி இன்னொன்றைவிட 114 மில்லிமீட்டர் உயரமாக நின்றது. கீழே இறக்கிச் சரி செய்யவில்லை. உயர்ந்து நின்ற பாதியின் மேல் தலா 8 டன் கான்கிரீட் கட்டிகள் பத்தை அடுக்கி அமுக்கப் பார்த்தார்கள். தட்டு உப்பிவிட்டது. உப்பலை நேராக்க, இணைப்பில் இருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். 1970 அக்டோபர் 15, பகல் 11.50-க்கு 112 மீட்டர் நீளமுள்ள அந்தப் பகுதி அப்படியே விழுந்தது. 35 பேர் இறந்தார்கள். அதில் பலர் மேலே வேலை செய்தவர்கள்கூட இல்லை. பாலத்துக்கு நேர் கீழே கொட்டகைகளில் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தவர்கள். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவருக்கு அடுத்த படி நியாயமாகத்தான் தெரிந்திருக்கிறது. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

இதைச் சொன்னதும் மூப்பன் நேராகப் போய், கர்டருக்குக் கீழே ஆற்றங்கரை நிழலில் இருந்த டீ அடுப்பையும் பாய்களையும் தூக்கி ஐம்பது அடி தள்ளி வைக்கச் சொன்னார். நிழல் இல்லை என்று பையன்கள் முணுமுணுத்தார்கள். தார்ப்பாய் கட்டிக் கொடுத்தோம்.

பின்னால் இழுத்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. பழைய பாலத்தில் போக்குவரத்தை மொத்தமாக நிறுத்த வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் வளைவு தாண்டி நின்றன. ஹாரன் ஓயவில்லை. ஒரு டூரிஸ்ட் கார்க்காரர் அக்கா மகனைக் கைநீட்டி ஏசினார்: "நீங்க வேலை தெரியாம செஞ்சா நாங்க ரோட்டுல கிடக்கணுமா?" அவன் பதில் பேசவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அதே வரிசையில் நின்ற பலாப்பிஞ்சு ஜீப்காரர் இறங்கி வந்து, "ஏன் சார் நிக்குது?" என்று கேட்டு, சொன்னதைக் கடைசிவரை கேட்டார். அப்புறம் ஒவ்வொரு காராகப் போய், "கர்டர் சாயாம இருக்கத்தான் நிப்பாட்டியிருக்காங்க, பொறுங்க" என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். ஹாரன் குறைந்தது.

பாரம் போனதும் உப்பல் ஒரு நூலாக இறங்கியது. மீதி ஒரு நூல் தங்கிவிட்டது. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் கூடுதல் ஸ்டிஃப்னர் வெல்டு செய்ய வேண்டும். தகடு கோயம்புத்தூரில் இருந்து வர வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி: காத்திருந்த நாள்

ஹோலி. கேம்ப்பில் பீகார், வங்காளப் பையன்கள் காலையிலேயே வண்ணப்பொடியோடு கிளம்பிவிட்டார்கள். மூப்பனின் வெள்ளைத் தாடி பாதி சிவப்பு. எனக்கும் கன்னத்தில் பச்சை. அதைக் கழுவ ஆற்றில் இறங்கினால் தண்ணீர் கணுக்கால் வலிக்கும் குளிர்ச்சி.

அவர்களில் ஒருவன் மால்டா மாவட்டத்துக்காரன், இருபத்திரண்டு வயது. 2023 ஆகஸ்ட் 23-ந் தேதி மிசோரத்தில், சாய்ராங் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ரயில் பாலத்தில், கர்டர் ஏற்றும் கேன்ட்ரி என்ற தூக்குச் சட்டம் சரிந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மால்டாக்காரர்கள். அவன் ஊருக்குப் பக்கத்து ஊர்களில் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து சவப்பெட்டிகள் வந்திருக்கின்றன. "அம்மா அந்த வேலைக்குப் போகாதேன்னு அழுதாங்க. வேற என்ன வேலை சார் இருக்கு?" என்று உடைந்த தமிழில் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவன் ஹெல்மெட் பட்டை அறுந்திருந்தது. ஸ்டோரில் சொல்லி உடனே மாற்றிக் கொடுக்க வைத்தேன்.

மதியம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். முந்தின நாள் ஏச்சில் அவன் வாடிப்போயிருந்தான். இரண்டு கிலோமீட்டரில் ஒரு சின்னக் கடை. 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியில் இருந்து வந்த குடும்பம். பாட்டி அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும், தட்டு நாற்பது ரூபாய். சம்பல் அம்மியில் அரைத்தது. மிளகாயும் மாசிக் கருவாடும் சேர்ந்து காதில் புகை வரும் காரம். பக்கத்தில் ஒரு கிளாஸ் பிளேன்டீ, ஒரு துண்டு சர்க்கரைக் கட்டி. "சாப்புடுங்க மகன், முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டு அவனுக்கு மூணாவது ரொட்டியைப் பாட்டியே போட்டார். அதற்கும் காசு வேண்டாம் என்றார். வாங்க வைக்க வெகுநேரம் ஆயிற்று.

அங்கே உட்கார்ந்து அவனுக்குக் கியூபெக் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல், உலகத்திலேயே நீளமான கான்டிலீவர் பாலமாக, அதாவது இரண்டு பக்கத் தூண்களில் இருந்தும் கைகள் மாதிரி நீளும் பாலமாக, வர வேண்டியது. நடு இடைவெளியை 1600 அடியில் இருந்து 1800 அடியாக்கினார்கள். அதற்கேற்பப் பாலத்தின் சொந்த எடையை மறுபடி கணக்கிடவில்லை. 1907 ஆகஸ்ட்டில் அடிச் சட்டங்கள் நெளிய ஆரம்பித்தன. ஒரு இடத்தில் வளைவு 19 மில்லிமீட்டராக இருந்தது, கொஞ்ச நாளிலேயே 57 ஆகிவிட்டது. சைட்டில் இருந்தவர்கள் அது வரும்போதே இருந்த வளைவா, புதிதா என்று விவாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஆலோசகர் தியோடர் கூப்பர் நியூயார்க்கில். மேலே இரும்பு ஏற ஆரம்பித்த பிறகு அவர் சைட்டுக்கு வரவேயில்லை. மெக்லூர் என்ற இளம் இன்ஜினியர் அளவுகளை எடுத்துக்கொண்டு ரயில் ஏறி நேரில் போனார். ஆகஸ்ட் 29. கூப்பர் பார்த்த உடனே, பாலத்தில் இனி எடை ஏற்றாதீர்கள் என்று தந்தி கொடுத்தார். அது போனது இரும்பு செய்யும் கம்பெனிக்கு. சைட்டுக்கு யாரும் நேரடியாகச் சொல்லவில்லை. சாயங்காலம் 5.37-க்கு, வேலை முடியப்போகும் நேரத்தில், பாலம் ஆற்றுக்குள் போனது. 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடி இரும்புத் தொழிலாளிகள்.

அதோடு முடியவில்லை. மறுபடி கட்டும்போது 1916 செப்டம்பர் 11-ந் தேதி நடுப் பகுதியைத் தூக்குகையில் அதுவும் விழுந்து 13 பேர் போனார்கள்.

"மெக்லூர் அளவெடுத்தார், ரயில் ஏறினார், எல்லாம் சரியா செஞ்சார். ஆனா விசில் ஊதற அதிகாரம் அவர்கிட்ட இல்லடா தம்பி" என்றேன். "நேத்து மூப்பன் ஊதினார், நீ லெவல் வெச்சுப் பார்த்து மேலே சொன்னே. கார்க்காரன் ஏசினதை விடு."

அவன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, அந்தக் கால் அடியில மண்ணு டெஸ்ட் எடுக்கச் சொல்லி நான் எழுதியிருக்கேன். டெம்பரரிதானேன்னு விட்டுட்டாங்க" என்றான்.

டெம்பரரிதானே என்ற இந்தப் பேச்சை எத்தனை சைட்டில் கேட்டிருப்பேன். வான்கூவரில் 1958 ஜூன் 17-ந் தேதி கடல் கழி ஒன்றின் மேல் கட்டிய பாலம் விழுந்தபோது நிரந்தரத் தூணில் குறை இல்லை. வேலை முடியும்வரை மட்டும் தாங்க வேண்டிய தற்காலிகக் கால் ஒன்றின் அடியில் போட்ட உத்தரங்களின் கணக்கு தப்பாகிவிட்டது. 79 பேர் கீழே விழுந்தார்கள், 18 பேர் இறந்தார்கள். உடல்களைத் தேட முங்கியவர் ஒருவரும் இறந்துபோனார். அந்தக் கணக்கைப் போட்டவர்களும் அன்றைக்கு அந்தப் பாலத்தின் மேல்தான் இருந்தார்கள், அவர்களும் பிழைக்கவில்லை. இப்போது அந்தப் பாலத்துக்கு இரும்புத் தொழிலாளர் நினைவாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கர்டரின் கீழ் நிற்கும் எதுவும், அது ஒரு நாள் நின்றாலும், தற்காலிகம் கிடையாது.

மார்ச் 15, சனி: மறுபடி நகர்ந்தது

தகடு வெள்ளி ராத்திரியே வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு வெல்டர் உட்கார்ந்தார். வெல்டிங் ராடை அடுப்பில் சூடு வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன்னே அவர் அடுப்பைத் திறந்து காட்டினார். தஞ்சாவூர்க்காரர். ஒவ்வொரு வெல்டையும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். டிரெஸ்ஸிலின் அடியில் ஊறிய செம்மண்ணைத் தோண்டிக் கொட்டிவிட்டு, கருங்கல் ஜல்லி போட்டு இடித்து, இரும்புத் தட்டும் ஸ்லீப்பரும் வைத்தார்கள். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு வாய்க்கால். எல்லாம் பாரம் இல்லாத காலில் செய்த வேலை. வேலையும் சுத்தமாக இருந்தது, யார் முகத்திலும் பதற்றம் இல்லை.

பத்தரைக்கு விஞ்ச் சுற்ற ஆரம்பித்தது. மூப்பன் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நிறுத்தினார். நூல், மூன்று வாஷர். நுழைகிறது. இழு. மறுபடி நூல். மேனேஜரும் கீழே நின்று தானே லெவல் எண்களைக் குறித்துக்கொண்டார். மூக்கு எதிர்க்கரை ரோலரைத் தொட்டபோது மணி மூன்றரை. கலாசிகள் கத்திய கத்தலில் எதிர்க்கரைக் காட்டில் இருந்து கருங்குரங்குக் கூட்டம் ஒன்று கிளைவிட்டுக் கிளை தாவி ஓடியது.

அன்று ராத்திரி மூப்பன் ஆக்கிய நெய்ச்சோறும் பீஃப் வறட்டியதும். வேண்டாதவர்களுக்குத் தனியாக முட்டைக் குழம்பு, தனிப் பாத்திரத்தில், அதையும் அவரேதான் கவனித்தார்.

மார்ச் 18, செவ்வாய்: துவாக்குடியில் இருந்து

ஞாயிறு கிளம்பி வந்த பயணத்தில் எழுத ஒன்றும் இல்லை. இடுப்பு வலி மட்டும் மிச்சம். இன்று காலை அக்கா மகன் போன் செய்தான். ஜோடி முழுதாகத் தாண்டி, இரண்டு கரையிலும் பாலத்தின் முனைகளைத் தாங்கும் அபட்மென்ட் சுவர்களில் உட்கார்ந்துவிட்டது. நிரந்தரமாகத் தாங்கும் பேரிங் மேல் இறக்குவது நாளைக்கு. இரண்டாவது ஜோடிக்கு எல்லா ஸ்டிஃப்னரும் இங்கேயே கூடுதலாகப் போட்டு அனுப்பச் சொல்லி டிசைனரிடம் இருந்து வரைபடம் வந்திருக்கிறது. இன்றே கட்டிங்குக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு விஷயம் பாக்கி. கலாசிகளுக்கு வேலைக் கணக்கில் கூலி, அவர்களுக்கு நஷ்டம் இல்லை. வடக்கத்திப் பையன்களுக்கு தினக்கூலி. வேலை நின்ற வியாழனுக்கு அரை நாள்தான் போட்டிருக்கிறார்கள். வெள்ளி ஹோலி, எப்படியும் லீவு கேட்டிருப்பார்கள் என்று கழித்துவிட்டார்களாம். அக்கா மகன் சைட் லாக் புத்தகத்தில் இரண்டு நாளுக்கும் "பாதுகாப்புக் காரணமாக வேலை நிறுத்தப்பட்டது, ஆட்கள் சைட்டில் தயார்" என்று எழுதி, மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறான். அடுத்த தடவை அந்தப் பையன்களில் ஒருவன் ஏதாவது நெளிவதைப் பார்த்தால், கூலி போகும் என்று வாயை மூடிக்கொள்ளக் கூடாது அல்லவா. இந்த வாரச் சம்பளத்தில் முழுசாகச் சேர்த்துத் தருகிறோம் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அந்த மால்டா பையனின் நம்பருக்கே கூப்பிட்டு, கைக்கு வந்ததா என்று கேட்கப்போகிறேன்.